பழைய எரிபொருள் குளத்தில் ஏதோ சரியில்லை: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

அணு உலையிலிருந்து வெளியே எடுக்கும் எரிபொருள் முதலில் போய்ச் சேரும் இடம் தண்ணீர். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அப்படித்தான், உலகின் மற்ற இடங்களிலும் அப்படித்தான். எரிபொருளின் சூட்டை வாங்கிக்கொள்வதும் அதே தண்ணீர், கதிர்வீச்சைத் தடுத்து நிறுத்துவதும் அதே தண்ணீர். சில ஆண்டுகள் ஆறவைத்துவிட்டு எடுத்துவிடலாம் என்ற கணக்கில்தான் இந்தக் குளங்களைக் கட்டினார்கள். பிறகு மறுசுழற்சி நின்றது, உலர் கிடங்கு கட்டப்படவில்லை, எங்கே கொண்டுபோவது என்று முடிவாகவில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் எரிபொருள் அங்கேயே கிடந்த குளங்கள் உண்டு. இந்தக் குறிப்பு அப்படிப்பட்ட பழைய குளங்களுக்கானது.

தொடங்குமுன் ஒன்று. பழைய குளங்களின் கதைகளைப் படிக்கும்போது என்னை உறுத்துவது, அறிகுறி தெரியாமல் போனது இல்லை. தெரிந்த அறிகுறிக்கு முதலில் மனதில் தோன்றிய சாதுவான விளக்கத்தைச் சோதிக்காமலே எழுதி வைத்துவிடுவதுதான். ‘ஆவியாகியிருக்கும்.’ ‘தூசி விழுந்திருக்கும்.’ ‘மீட்டர் சரியில்லை.’ இந்த மூன்றும் பல நேரம் உண்மையாகவே இருக்கும். ஆனால் மூன்றையும் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சோதித்த பிறகு பதிவேட்டில் எழுதுங்கள்.

முதலில்: உள்ளே கிடப்பது என்ன, சுவர் எது

ஒரே அறிகுறி வெவ்வேறு குளத்தில் வெவ்வேறு பொருள் தரும். அதனால் எரிபொருளின் உறை எந்த உலோகம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மின் உலைகளின் ஆக்சைடு எரிபொருளுக்கு ஜிர்கோனியக் கலவை உறை. சுத்தமான தண்ணீரில் அது பல பத்தாண்டுகள் அசையாமல் இருக்கும். அங்கே தொல்லை வந்தால் முதலில் சுவர், சுவரின் உள்பக்கத் தகடான லைனர், எரிபொருளை அடுக்கும் ராக், குழாய் இவற்றைச் சந்தேகிக்கலாம். ஆய்வு உலைகளில் பெரும்பாலும் அலுமினிய உறை. அதற்குத் தண்ணீரின் தூய்மைதான் ஆயுள். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணு வளாகத்தில் ‘N’ என்று பெயரிட்ட உலைக்கு வந்தது உலோக யுரேனியம், மேலே ஜிர்கோனிய உறை. உறை கிழிந்துவிட்டால் உள்ளே உள்ள யுரேனியத்தைத் தண்ணீர் நேரடியாகத் தின்னும். பிரிட்டனின் மேக்னாக்ஸ் எரிபொருளுக்கு மெக்னீசியக் கலவை உறை. சாதாரணத் தண்ணீரே அதை அரிக்கும் என்பதால் காஸ்டிக் சோடா கலந்து பிஎச் அளவை 11-க்கு மேல் வைப்பார்கள். ஒரு குளத்துக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷம்: மேக்னாக்ஸுக்கு வைக்கும் பிஎச் அளவில் அலுமினியத்தைப் போட்டால் கரைந்தே போகும். வேறு இடத்துக் கையேட்டிலிருந்து எண்களை எடுத்துவரும்போது இதை மறக்க வேண்டாம்.

அடுத்தது சுவர். உள்ளே துருப்பிடிக்காத எஃகு லைனர் இருக்கிறதா, வெறும் கான்கிரீட்டா? லைனர் இருந்தால் அதன் பின்னால் கசிவு நீரைச் சேகரிக்கும் வாய்க்கால்களும் அவற்றின் வடிகுழாய்களும் இருக்கும். அவை எங்கே போய் முடிகின்றன என்று வரைபடத்தில் பார்த்தால் போதாது, நடந்து போய்ப் பாருங்கள்.

அறிகுறி: நீர்மட்டம் இறங்குகிறது

மணிக்கணக்கில் இறங்கினால் காரணம் தேடும் வேலை அப்புறம். தண்ணீரை உள்ளே விடுங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள், வால்வுகளை மூடுங்கள். வேகமான இழப்புக்கு வழக்கமான வழிகள் இரண்டு. ஒன்று கேட் சீல், அதாவது குளத்தின் கதவைச் சுற்றி அடைக்கும் பட்டை. 1986 டிசம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஹேட்ச் அணுமின் நிலையத்தில், காற்றடைத்த சீல்களுக்குப் போகும் காற்று நின்றதால் குளத்திலிருந்து சுமார் 5 லட்சம் லிட்டர் தண்ணீர் வெளியேறியது. இன்னொன்று, குளத்துக்குள் இறங்கும் குழாய் உடைந்து சைஃபன் போல உறிஞ்சுவது. சைஃபனை முறிக்கும் துளை அந்தக் குழாயில் இருக்கிறதா, அடைபடாமல் இருக்கிறதா என்பதை நல்ல நாளிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

இல்லினாயின் டிரெஸ்டன் முதல் அலகு 1978-ல் நின்றுபோன உலை. எரிபொருள் மட்டும் குளத்தில் கிடந்தது. ஓடாத உலைதானே என்று கட்டடத்துக்கு வெப்பமூட்டாமல் விட்டிருந்தார்கள். 1994 ஜனவரியில் குளிரில் ஒரு குழாய் உறைந்து வெடித்து, சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீர் அடித்தளத்தில் தேங்கியது. அது குளத்துத் தண்ணீர் இல்லை. ஆனால் அதே குளிரில், குளத்தோடு இணைந்த, எரிபொருளை இடம் மாற்றும் குழாயும் உறைந்து வெடித்திருக்கலாம். வெடித்திருந்தால் குளம் வடிந்திருக்கும். உலை நின்ற பிறகு பராமரிப்பு குறையும் கட்டடம் என்றால் இந்த ஒன்றை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மெதுவாக, நாளுக்குச் சில மில்லிமீட்டர் இறங்குகிறது என்றால், அங்கேதான் ‘ஆவியாகியிருக்கும்’ என்ற விளக்கம் வரும். அதைச் சோதிக்கும் வழிகள்:

ஒரு வருடத்து நிரப்பு நீர்க் கணக்கை மாதவாரியாக வரையுங்கள். ஆவியாதல் பருவத்தோடு மாறும்; காற்று ஈரமான மாதங்களில் குறையும், வறண்ட மாதங்களில் கூடும். கசிவுக்குப் பருவம் கிடையாது. எந்த மாதத்திலும் ஓர் அளவுக்குக் கீழே இறங்க மறுக்கிறது என்றால் அந்த அடி அளவு சந்தேகத்துக்குரியது. எரிபொருள் ஆண்டுக்காண்டு ஆறிக்கொண்டே வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் உள்ளே வராத குளத்தில், தண்ணீரின் சூடு குறைந்த பிறகும் பத்து வருடம் முன்பு ஊற்றிய அளவே இன்றும் ஊற்றுகிறோம் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது நீச்சல் குளக்காரர்களின் பழைய வாளிச் சோதனை. எஃகுப் பாத்திரத்தில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, பாதி மூழ்கும்படி குளத்திலேயே கட்டிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே சூடு, ஒரே காற்று. சில நாள் கழித்து, பாத்திரத்தில் இறங்கியதைவிடக் குளத்தில் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம் கசிவு. ஆனால் இந்தச் சோதனையின் எல்லையைத் தெரிந்து வைத்திருங்கள். 1,000 சதுர மீட்டர் குளத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 1,000 லிட்டர். கண்ணுக்குத் தப்பும் ஒரு மில்லிமீட்டரில் அவ்வளவு தண்ணீர் ஒளிந்துகொள்ளலாம். வித்தியாசம் தெரியவில்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

ஆகவே நிலத்தடி நீரைப் பார்க்க வேண்டும். எரிபொருளிலிருந்து வரும் கதிரியக்கச் சீசியம் கான்கிரீட்டிலும் களிமண்ணிலும் ஒட்டிக்கொண்டு பின்தங்கிவிடும். டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் தண்ணீராகவே இருப்பதால் தண்ணீர் போகும் வேகத்தில் போகும். ஆழ்குழாய் மாதிரியில் முதலில் வருவது அதுதான். மாதிரியில் சீசியம்-134 இருந்தால் இன்னொரு செய்தியும் கிடைக்கும். அதன் அரை ஆயுள் இரண்டே வருடம், சீசியம்-137-க்கு முப்பது. இரண்டின் விகிதத்தைக் குளத்து நீரின் விகிதத்தோடு ஒப்பிட்டால், நிலத்தில் இருப்பது இப்போது கசிந்ததா, பழைய மிச்சமா என்று பிரித்துவிடலாம்.

இடம் தேடும்போது முதலில் கான்கிரீட் ஊற்றிய இணைப்புகளைப் பாருங்கள். ஹான்ஃபோர்டின் கே ஈஸ்ட் குளம் கொலம்பியா ஆற்றிலிருந்து சுமார் 400 மீட்டர் தூரத்தில் இருந்தது. லைனர் இல்லாத கான்கிரீட். 1970-களில் கசிந்தது, 1993-ல் மறுபடி கசிந்தது. சந்தேகம் போனது குளமும் உலைக் கட்டடமும் சேரும் கட்டுமான இணைப்பின் மேல்தான். ரஷ்யாவின் ஆந்திரேயேவா விரிகுடாவில், நீர்மூழ்கிக் கப்பல் எரிபொருள் வைத்திருந்த குளத்தில், 1982 பிப்ரவரியில் கசிவைக் காட்டிக்கொடுத்தது வெளிச்சுவரில் படிந்த பனிக்கட்டி. சூடான ஊரில் பனிக்கட்டி வராது, வெள்ளைப் படிவு வரும்: கான்கிரீட்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர் சுவரின் மறுபக்கம் உலரும்போது விட்டுப்போவது அது. சுரண்டி எடுத்துச் சீசியமும் போரானும் பாருங்கள். வெள்ளையடித்து மறைக்க மட்டும் செய்யாதீர்கள்.

அறிகுறி: நடைபாதையில் கதிர்வீச்சு கூடுகிறது, தண்ணீர் மாதிரி மாறவில்லை

எரிபொருளில் புதிதாக எதுவும் நடக்காமலே இது வரலாம். வெறும் கான்கிரீட் சுவர் பல ஆண்டுகளாக நீர்க்கோட்டில் சீசியத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பாத்திரத்தில் உப்பு நீர் நின்ற இடத்தில் கோடு விழுவதுபோல ஒரு வளையம். தண்ணீர் சற்று இறங்கினால் வளையம் வெளியே தெரியும், நடைபாதையில் மீட்டர் ஏறும். கே ஈஸ்டில் இந்த வளையம் வேலையாட்களின் கதிர்வீச்சளவில் ஒரு பெரிய பங்காக இருந்தது. நீர்மட்டத்தை உயர்த்தி அதை மூடினார்கள்.

சோதனை எளிது. மீட்டரைச் சுவரோரம் கொண்டுபோங்கள், குளத்தின் நடுவுக்கு மேலேயும் நீட்டுங்கள். ஓரத்தில் மட்டும் அதிகம் என்றால் வளையம். நடுவிலும் அதிகம் என்றால் தண்ணீரிலேயே ஏதோ கூடியிருக்கிறது, மாதிரியை மறுபடி எடுங்கள். ஃபில்டருக்கு அருகில் மட்டும் என்றால் ஃபில்டர் நிறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அறிகுறி: கடத்துதிறன் ஏறுகிறது

அலுமினிய உறை எரிபொருள் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கட்டும். நான் இதில் கண்டிப்பானவன்.

கடத்துதிறன் என்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்ற அளவு; கரைந்த உப்புகள் கூடினால் அது ஏறும். நல்ல அயனி நீக்கிய தண்ணீர்கூட காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு, சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோசீமன்ஸ் அளவுக்கு வந்து நிற்கும். அது இயல்பு. அதற்கு மேல் ஏறுவதுதான் கேள்வி. காரணங்கள் வரும் வழி மூன்று: கரைந்த அயனிகளைப் பிடிக்கும் ரெசின் தீர்ந்துபோனது, நிரப்பும் தண்ணீரே கெட்டது, மேலேயிருந்து விழுவது.

ரெசின் பத்திக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுங்கள். வெளியே வரும் தண்ணீரில் குளோரைடு இருந்தால் ரெசினை மாற்ற வேண்டும், பேச்சே இல்லை. அது சுத்தம் என்றால் நிரப்பு நீரைப் பாருங்கள். அதுவும் சுத்தம் என்றால் கூரை, ஜன்னல், அங்கே நடக்கும் கட்டட வேலை என்று போங்கள். சிமென்ட் தூசி விழுந்தால் பிஎச் சேர்ந்து ஏறும். கடல் பக்கத்துக் காற்று என்றால் குளோரைடு ஏறும்.

கடத்துதிறன் ஒரு மொத்தக் கணக்குதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து மைக்ரோசீமன்ஸ் நைட்ரேட்டால் வந்திருந்தால் கவலை குறைவு, குளோரைடால் வந்திருந்தால் அதிகம். தாமிரம் கொஞ்சம் கலந்திருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அது அலுமினியத்தின் மேல் படிந்து, அந்த இடத்தில் ஒரு சின்ன மின்கலம்போல வேலை செய்து துளையிடும். எஃகு ராக்கில் அலுமினிய எரிபொருள் நேரடியாகச் சாய்ந்திருந்தாலும் இதே கதை. தாமிர, பித்தளைப் பொருள் எதையும் குளத்தருகே விடாதீர்கள்.

துளை அரிப்பு சராசரியாக நடப்பதில்லை. மேற்பரப்பு முழுக்கப் பளபளவென்று இருக்கும், ஓரிடத்தில் மட்டும் வெள்ளை முடிச்சு ஒன்று எழும்பும். அதற்கு அடியில் துளை. கிடைமட்டப் பரப்புகளில் தூசியும் துகளும் உட்காருவதால் அங்கே துளை அதிகம். சர்வதேச அணுசக்தி முகமையின் பல நாட்டுச் சோதனையில், குளங்களில் தொங்கவிட்ட அலுமினியச் சில்லுகள் இதையே காட்டின: படுக்கையாக வைத்தவை செங்குத்தாக வைத்தவற்றைவிட அதிகம் அரித்துப்போயிருந்தன. உங்கள் குளத்திலும் அதே அலுமினியக் கலவைச் சில்லுகளைப் படுக்கையாகத் தொங்கவிடுங்கள். கொஞ்சம் பணம், கொஞ்சம் பொறுமை. எரிபொருளைத் தொடாமலே அதன் நிலை தெரியும்.

தண்ணீர் மட்டும் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்குத் தென் கரோலினாவின் சவான்னா ரிவர் அணு வளாகமே சாட்சி. அங்கே ஒரே வளாகத்தில் 1960-களில் தொடங்கிய ஒரு சேமிப்புக் குளத்தில் தண்ணீரை ஒரு மைக்ரோசீமன்ஸ் அளவில் வைத்திருந்தார்கள். அலுமினிய எரிபொருள் முப்பது வருடம் நன்றாக இருந்தது. பக்கத்திலிருந்த உலைக் குளங்களில் கடத்துதிறன் 100-க்கு மேல். 1980-களின் இறுதியில் மறுசுழற்சி நின்று, சில மாதங்கள் இருக்க வேண்டிய எரிபொருள் ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கியபோது துளை விழத் தொடங்கியது. அயனி நீக்கும் கருவிகளை வைத்து 1990-களில் அவற்றில் ஒன்றான எல் (L) குளத்தின் கடத்துதிறனை 1 முதல் 3 என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். புதுத் துளை அரிப்பு அடங்கியது.

எதிர்ப்பக்கம் செர்பியாவின் வின்சா. அங்குள்ள ஆர்ஏ ஆய்வு உலை 1959-லிருந்து 1984 வரை ஓடியது. 8,030 எரிபொருள் கூறுகள், முறையாகச் சுத்திகரிக்கப்படாத தண்ணீர், கடத்துதிறன் நூற்றுக்கணக்கில். அந்த எரிபொருளை மீட்டெடுத்துப் பொதிந்து 2010 இறுதியில் ரஷ்யாவுக்கு அனுப்பி முடிக்கும்வரை பலநாட்டு நிபுணர்கள் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. ரெசின் செலவை அதோடு ஒப்பிடவே முடியாது.

அறிகுறி: தண்ணீரில் சீசியம் ஏறுகிறது

உடனே ‘உறை உடைந்துவிட்டது’ என்று போகவும் வேண்டாம், ‘ரெசின்தான்’ என்று தள்ளவும் வேண்டாம். வரிசையாகப் பாருங்கள்.

மாதிரியை நுண் வடிதாளில் வடிகட்டி, வடிநீரையும் தாளையும் தனித்தனியே அளவிடுங்கள். தாளில் அதிகம் என்றால் யாரோ அடியில் கிடந்த கசடைக் கிளப்பியிருக்கிறார்கள். அந்த வாரம் ஏதாவது நகர்த்தப்பட்டதா என்று கேளுங்கள். வடிநீரில் அதிகம் என்றால் கரைந்த சீசியம். அப்போது ரெசினின் இருபக்கமும் அளந்து அது எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். ரெசின் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே குளத்தில் ஏறுகிறது என்றால் எங்கிருந்தோ புதிதாக வருகிறது. ஹாலின் காற்றில், எரிபொருளுக்குள் அடைபட்டிருக்கும் வாயுவான கிரிப்டான்-85 கூடவே ஏறியிருந்தால் சந்தேகம் வேண்டாம், ஒரு உறை திறந்திருக்கிறது.

எது என்று கண்டுபிடிக்க சிப்பிங் சோதனை: ஒவ்வொரு எரிபொருள் கூறாக மூடிய பாத்திரத்தில் வைத்து, சுத்தமான தண்ணீர் நிரப்பி, சில மணி நேரம் விட்டு, அந்தத் தண்ணீரில் சீசியம் பார்ப்பது. பழைய எரிபொருளைத் தூக்குவதே ஆபத்து என்றால் முதலில் கேமராவை இறக்குங்கள். அலுமினியத்தில் வெள்ளை முடிச்சுகள், உலோக யுரேனியத்தில் வீங்கிப் பிளந்த முனைகள் கண்ணுக்கே தெரியும்.

கண்டுபிடித்த பிறகு மூடிய டப்பாவில் வைப்பது வழக்கம். இங்கே ஒரு எச்சரிக்கை. ஹான்ஃபோர்டில் இரண்டு குளங்கள். கே ஈஸ்டில் திறந்த டப்பாக்கள். அரித்த யுரேனியம் வெளியே வந்து குளமே அழுக்கானது. கே வெஸ்டில் மூடிய டப்பாக்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆனால் மூடிக்குள்ளும் உடைந்த எரிபொருள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. வின்சாவிலும் பீப்பாய்களைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த தண்ணீரில் சீசியம்-137. மூடி வைப்பது குளத்தைக் காப்பாற்றும், எரிபொருளைக் காப்பாற்றாது. டப்பாவுக்குள்ளிருந்து மாதிரி எடுக்க ஒரு வழி வைத்துவிட்டு மூடுங்கள்.

அறிகுறி: குமிழிகள்

மெக்னீசியமும் சரி, உலோக யுரேனியமும் சரி, தண்ணீரோடு வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வரும். கசடைக் கிளறும்போது குமிழி வந்தால் அது வெறும் காற்று என்று எண்ண வேண்டாம். ஒரு புனலைக் கவிழ்த்துப் பிடித்து வாயுவைச் சேகரித்து அளக்கலாம். ஹைட்ரஜன் என்றால், மூடிய பாத்திரம், கவிழ்ந்த தொட்டி, குழாயின் வளைவு என்று அது தேங்கக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உலோக யுரேனியத்தில் இன்னொரு பயமும் சேரும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் உருவாகும் யுரேனியம் ஹைட்ரைடு, காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும். அதனால் தண்ணீரிலிருந்து எடுத்து அப்படியே உலரவிட முடியாது. ஹான்ஃபோர்டில் சுமார் 2,100 டன் எரிபொருளையும் தண்ணீருக்கு அடியிலேயே கழுவி, தடித்த எஃகுக் கலங்களில் அடைத்து, வெற்றிடத்தில் குளிர்ச்சியாக உலர்த்தி, ஆற்றிலிருந்து தள்ளியிருந்த கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். 2000-ல் தொடங்கி 2004 அக்டோபரில் முடிந்தது.

அறிகுறி: தண்ணீர் கலங்குகிறது, அடி தெரியவில்லை

ஒரு கண்ணாடிக் குப்பியில் மாதிரி எடுத்து ஓரிரவு அசையாமல் வையுங்கள். அடியில் படிந்தால் அரிப்புத் துகள். படியாமல் மங்கலாகவே இருந்தால் உயிருள்ளதாக இருக்கலாம். குளத்துக்குள் கதிர்வீச்சு இருப்பதால் எதுவும் வளராது என்று நினைப்பவர்கள் உண்டு. வளரும். அமெரிக்காவின் மூன்று மைல் தீவு உலை விபத்துக்குப் பின் உலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, 1986-ல் நுண்ணுயிர்கள் பெருகி, வேலை செய்பவர்களுக்குத் தண்ணீருக்குள் எதுவும் தெரியாமல் போனது. ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கட்டுப்படுத்தினார்கள். சவான்னா ரிவர் எல் குளத்தில் 2011-ல் எரிபொருளின் மேல் சிலந்தி வலை போன்ற வெள்ளை இழைகள் தென்பட்டன, அதுவும் உயிரினம்தான்.

குளோரின் மட்டும் வேண்டாம். நீச்சல் குளத்துக்கு நல்லது, அலுமினியத்துக்கும் எஃகுக்கும் துளை. பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துபோகும், புற ஊதா விளக்கும் எச்சம் வைக்காது. செத்த உயிரினங்கள் ஃபில்டரில் சேரும்போது சீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும், எனவே அந்த வாரம் ஃபில்டரின் கதிர்வீச்சை அடிக்கடி அளவிடுங்கள்.

படியும் கசடு என்றால் விஷயம் பெரியது. பிரிட்டனின் செல்லாஃபீல்டு அணு வளாகத்தின் முதல் தலைமுறை மேக்னாக்ஸ் குளம், கூரையில்லாத குளம். 1970-களில் மறுசுழற்சி தடைபட்டு, எரிபொருள் திட்டமிட்டதைவிட நீண்ட காலம் தண்ணீரில் கிடந்தது. மெக்னீசிய உறை அரித்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கசடாக மாறியது. அதோடு பாசியும் காற்று கொண்டுவந்த குப்பையும். சுமார் 14,000 கன மீட்டர் தண்ணீருக்கு அடியில் சுமார் 1,500 கன மீட்டர் கசடு. எடுக்கத் தொடங்கியது 2015-ல்தான், அதுவும் கசடைப் பெற்றுக்கொள்ளத் தனி நிலையம் கட்டிய பிறகு.

அதனால் கசடு கொண்ட குளத்தில் என் வரிசை இது: போகும் இடம் தயாராகாமல் உறிஞ்சு குழாயை இறக்காதீர்கள். ஹான்ஃபோர்டில் எரிபொருள் 2004-ல் போய்விட்டது. ஒரு குளத்துக் கசடை அடுத்த குளத்துக்கு மாற்றி, கடைசிக் கசடு ஆற்றங்கரையை விட்டுக் கிளம்பியது 2019-ல். எரிபொருளைவிடக் கசடு பிடிவாதமானது.

அறிகுறி: சிலிக்கா ஏறுகிறது

பொதுவாகச் சிலிக்காவை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் அது எரிபொருளை அரிப்பதில்லை. ஆனால் 1980-களில் வைத்த ராக்குகளில் போராஃப்ளெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். சிலிக்கோன் ரப்பர் போன்ற பொருளில் போரான் கார்பைடு கலந்த தகடு அது. நெருக்கமாக அடுக்கிய எரிபொருள்களுக்கு இடையே நியூட்ரான்களை விழுங்குவது அதன் வேலை. காமா கதிர்பட்டு அது சுருங்கி இடைவெளி விடும். பிறகு மெல்லக் கரையும். கரைந்ததன் தடயம்தான் தண்ணீரில் சிலிக்கா. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 1996-ல் எல்லா நிலையங்களுக்கும் இதைப் பற்றிக் கடிதம் எழுதியது.

இங்கே ஒரு பொறி. சிலிக்காவைத் தண்ணீரிலிருந்து நீக்கினால் எண் இறங்கும், ஆனால் தகடு இன்னும் வேகமாகக் கரையும், ஏனென்றால் தண்ணீரில் இருந்த சிலிக்காதான் கரைவதைத் தடுத்துக்கொண்டிருந்தது. எண்ணைக் குறைக்காதீர்கள், தகட்டை அளவிடுங்கள். நியூட்ரான் மூலத்தை ராக்கின் ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் முறை உண்டு. தண்ணீரில் போரான் கலக்காத கொதிநீர் உலைக் குளங்களில் இது இன்னும் முக்கியம். அங்கே அந்தத் தகட்டுக்கு மாற்று வேறெதுவும் தண்ணீரில் இல்லை.

அறிகுறி: தூக்கும்போது சிக்குகிறது

நிறுத்துங்கள். கிரேனின் இழுவிசையைக் கூட்டிப் பார்க்கும் எண்ணம் வந்தால் அதை விடுங்கள். ராக் வீங்கியிருக்கலாம், எரிபொருள் வளைந்திருக்கலாம், கூடையின் கைப்பிடி அரித்திருக்கலாம். ஆந்திரேயேவாவில் எரிபொருள் பெட்டிகள் சங்கிலியில் தொங்கின. தாங்கிகள் போனபோது அவை குளத்தின் அடியில் விழுந்து குவிந்தன. கேமராவை இறக்கி, நான்கு பக்கமும் பார்த்து, அடியில் ஒரு தாங்கும் தட்டு வைத்த பிறகே அடுத்த முயற்சி.

அறிகுறி: எல்லாம் நன்றாக இருக்கிறது

இதையும் ஒரு அறிகுறியாகவே எழுதுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் கடத்துதிறன் வரைபடம் மாதக்கணக்கில் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. எல்லோருக்கும் திருப்தி. சாம்பிள் குழாய் அடைபட்டு, மீட்டர் ஒரே தேங்கிய தண்ணீரை அளந்துகொண்டிருந்தது என்று ஒரு பராமரிப்பு ஊழியர் வேறு வேலையாகக் குழாயைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. உண்மையான குளத்தின் வரைபடம் கொஞ்சம் நடுங்கும். நடுங்காத கோட்டை நம்பாதீர்கள். மாதம் ஒருமுறை கையால் மாதிரி எடுத்து மீட்டரோடு ஒப்பிடுங்கள்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள சேலம் அணுமின் நிலையத்தின் முதல் அலகில் நடந்தது இதைவிடக் கடுமை. லைனருக்குப் பின்னால் கசியும் தண்ணீர் வடிகுழாய் வழியே வந்து சேர வேண்டும். போரிக் அமிலமும் தாதுப் படிவும் சேர்ந்து அந்தக் குழாய்களை அடைத்துவிட்டன. குழாயில் தண்ணீர் குறைந்தது, கசிவு குறைந்ததுபோல் தெரிந்தது. உண்மையில் தண்ணீர் லைனருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே தேங்கி, கான்கிரீட் வழியே வழி தேடிக்கொண்டது. 2002 செப்டம்பரில் பக்கத்துக் கட்டடத்தின் உட்சுவரில் அது வெளிப்பட்டது. பிறகு நிலத்தடி நீரில் டிரிட்டியம். அடைப்பை எடுத்ததும் குழாயில் மறுபடி ஒழுக்கு வந்தது.

ஆகவே வடிகுழாய் உலர்ந்திருந்தால் மகிழ்வதற்கு முன் அதற்குள் கேமரா விடுங்கள், அல்லது அளந்த தண்ணீரை மேலேயிருந்து ஊற்றி, ஊற்றியது முழுவதும் கீழே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போய், ஆழ்குழாய் மாதிரியிலிருந்து தொடங்குங்கள்.